அசல் பீரோவை விட்டு வெளியே வராது

செல்லுக்குள்ளே புரதம் எப்படி உண்டாகிறது என்பதை இந்த உலகத்தில் முதன்முதலில் கண்டுபிடித்தவர் சென்னிமலை ராமாமணி அக்காதான். சீமையில் யாரோ நாலைந்து பேர் முப்பது நாற்பது வருஷத்துக்கு முன்பே கண்டுபிடித்து மெடல் வாங்கி மாட்டிக்கொண்டார்களாம். அக்காவைப் பற்றித் தெரிந்திருந்தால் அத்தனை பேரும் ஈரோட்டில் ரயிலை விட்டு இறங்கி, டவுன் பஸ் படியில் தொங்கிக்கொண்டு வந்து, மெடலைக் கழற்றி அக்கா கையில் கொடுத்துவிட்டு, ஆளுக்கொரு பெட்ஷீட்டும் வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். அப்பேர்ப்பட்ட அக்காவைத்தான் பத்தாவது அறிவியலில் இரண்டு தடவை பெயிலாக்கினார்கள்.

இரண்டாவது தடவை முப்பத்து மூன்று மார்க். தேற முப்பத்தைந்து வேண்டும்.

அக்கா ஆறுச்சாமி முதலாளியின் தறிக்குடோனில் அட்டை அடிக்கிறவர். பெட்ஷீட்டில் மயில் வரவேண்டும் என்றால் முதலில் கட்டம் போட்ட கிராஃப் தாளில் மயிலை வரைவார்கள். அந்தத் தாளைப் பார்த்து, வரிக்கு ஓர் அட்டையாக ஓட்டை குத்திக்கொண்டே போகவேண்டும். ஒரு மயிலுக்கு நானூறு அட்டை பிடிக்கும். எல்லாவற்றையும் கயிற்றில் கோத்துத் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் மாட்டிவிட்டால், ஓட்டை இருக்கிற இடத்தில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் மேலே எழும்பும். இல்லாத இடத்தில் சும்மா கிடக்கும். தறி ஓட்டுகிறவன் பிறந்ததிலிருந்து மயிலையே பார்க்காதவனாக இருந்தாலும் மயில் நெய்து இறங்கும். பன்னிரண்டு வருஷமாக அக்கா குத்திய ஓட்டைகளை வரிசையாக அடுக்கினால் காங்கேயம் வரை போகும். இது பீற்றல் இல்லை. வேண்டுமானால் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

1995 தீபாவளி கழிந்த வாரம் அவர் தெருவில் பால்வாடி டீச்சர் வேலை காலியானது. பத்தாவது தேறியிருக்க வேண்டும், முப்பத்தைந்து வயது நிறைந்திருக்கக் கூடாது. பொருத்தமான ஆள் கிடைக்கும் வரை மனு வாங்குவார்களாம். அக்காவுக்கு முப்பத்து நாலு ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த ஆகஸ்ட் வந்தால் முடிந்தது கதை. மனு வாங்கப் போனபோது அங்கே இருந்த ஆபீசர், “ஒன்பதாங் கிளாசுக்கு எதுக்குங்கம்மா மனு? பேப்பர் தண்டம்” என்று பக்கத்து மேசைக்காரரைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். அக்கா வீட்டுக்கு வந்து கணவர் காளிச்சாமியிடம், “அந்தாளு ரிட்டயர் ஆகறதுக்குள்ள நான் தேறிக் காட்டோணும்” என்றார்.

“இல்லாட்டி என்ன, அட்டை அடிக்கற வேலைதான் இருக்குதல்ல” என்றார் காளிச்சாமி. ஆறுதலாகத்தான் சொன்னார். அதற்கு அக்கா அவருக்கு ரசம் ஊற்றவில்லை.

மற்ற பாடமெல்லாம் முன்பே தேறியாகிவிட்டது. மிச்சம் அறிவியல் ஒன்றுதான். உரக்கடை மாடியில் பாலகோபால் சார் நடத்திய டுடோரியலில் சாயங்காலம் ஐந்து மணிக்கு வகுப்பு. அங்கே இருபத்திரண்டு பேர். அதில் ஒருவன் முஜீப், இதை எழுதுகிறவன். அவனைப் பற்றி அதிகம் சொல்வதற்கு ஒன்றுமில்லை. போத்தனூரில் இரண்டு பள்ளிக்கூடங்கள் ஏற்கெனவே நிறையச் சொல்லி, மாமா வீட்டில் இருந்து படிக்கட்டும் என்று சென்னிமலைக்கு அனுப்பிவைத்துவிட்டன.

பாலகோபால் சார் பி.காம். படித்தவர். ஐந்து பாடமும் எடுப்பார். அவருக்கு ஒரே கொள்கை: கைடில் ஆறு பாயிண்ட் இருந்தால் ஆறையும் அப்படியே மனசில் ஏற்ற வேண்டும். ‘ஏன்’ என்று கேட்டால் ஏறாது, பாதி வழியில் நின்றுவிடும் என்பார்.

“மைட்டோகாண்ட்ரியா செல்லின் ஆற்றல் மையம். எல்லாரும் சொல்லுங்க.”

எல்லோரும் சொன்னார்கள். எல்லோரும் சொல்லி முடித்த பிறகு, கடைசி பெஞ்சிலிருந்து கல்யாண வீட்டு லவுட்ஸ்பீக்கர் மாதிரி “மையம்ம்ம்” என்று ஒரு குரல் இழுத்தது. சாக்பீஸ் பறந்து வந்து முஜீப் நெற்றியில் பட்டது. சார் குறி தவறியதே இல்லை.

“ஏனுங்க சார், ஒரு சந்தேகமுங்க.” அக்கா முதல் பெஞ்சில் எழுந்தார்.

“சொல்லுங்கம்மணி.”

“நாம திங்கற சோத்த எரிச்சு ஆற்றல் எடுக்குதுன்னு போட்டிருக்குதுங்க. வெறகு மாதிரி ஒட்டுக்கா எரிச்சுப்போட்டா உள்ளயே வெந்துபோகாதுங்களா?”

“நாலாவது பாயிண்ட்டு பாருங்க. படிப்படியாக ஆக்ஸிகரணம் அடைகிறது.”

“சரீங்க. அப்படிக் கொஞ்சங் கொஞ்சமா வர்றத எதுல வெச்சு வேலை நடக்கற எடத்துக்குக் கொண்டுபோறாங்க?”

“ஏ.டி.பி.”

“அது தீந்துபோச்சுன்னா?”

சார் கைடைப் புரட்டினார். அடுத்த பக்கத்தில் சிறுநீரகம் வந்துவிட்டது. “ஏ.டி.பி.ன்னு எழுதுங்க, மார்க் போடுவாங்க” என்று முடித்துக்கொண்டார்.

அக்கா அதை அங்கேயே விட்டுவிட்டுப் போகவில்லை. வீட்டுக்குப் போய்ப் பாடப்புத்தகத்தை எடுத்தார். முஜீப் ஒருநாள் வகுப்பில், ஏ.டி.பி. தன்னிடம் இருக்கும் ஆற்றலைக் கொடுத்துவிட்டு ஏ.டி.பி.யாக இல்லாமல் ஏ.டி.பி.யிலிருந்து கொஞ்சம் குறைந்த ஏ.டி.பி. மாதிரி ஒன்றாக, அதாவது ஏ.டி.பி.க்கு நடுவில் ‘டி’ இரண்டு தடவை வருகிற ஏ.டி.டி.பி.யாக ஆகிறது என்று விளக்கம் சொல்லி இன்னொரு சாக்பீஸ் வாங்கினான். புத்தகத்தில் இருந்தது வேறு. மூன்று பாஸ்பேட் இருப்பது ஏ.டி.பி.; வேலை செய்துவிட்டு ஒன்றைக் கழற்றிவிட்டால் இரண்டு பாஸ்பேட்; மைட்டோகாண்ட்ரியாவுக்குத் திரும்பிப் போய் மறுபடியும் மூன்று. இதை அக்கா இரண்டு பரீட்சைக்கும் அர்த்தம் தெரியாமலே மனப்பாடம் செய்திருந்தார். ஆனால் ஒரு தடவைகூடக் கண்ணில் பார்த்ததில்லை.

மறுநாள் குடோனில் தலை நிமிர்ந்தபோது பார்த்தார். தறியில் இப்படியும் அப்படியும் ஓடுகிற நாடாவுக்குள் போடும் தார்க்குச்சிகள், நூலெல்லாம் ஓடித் தீர்ந்து, காலியாகக் கூடையில் கிடந்தன. கூடை, குச்சியில் நூல் சுற்றுகிற தார் மிஷினுக்குப் போனது. அதே குச்சிகள் நூல் சுற்றிக் கொழுத்துக்கொண்டு தறிக்குத் திரும்பி வந்தன. குச்சி புதிதாக வாங்குவதில்லை. நிறைந்து வரும், காலியாகிப் போகும், நாள் பூராவும் அதே வேலை. ஒரே நாளில் ஒரு குச்சி எத்தனை தடவை போய்வருகிறதோ!

சாயங்காலம் வகுப்பில் அதைச் சொன்னார். பையன்கள் சிரித்தார்கள். சாரும் சிரித்தார்.

“ஏனுங்கம்மணி, பேப்பர் திருத்தறவரு தறி ஓட்டறவருங்களா?”

“அவரும் சோறு திங்கறவருதானுங்களே சார்.”

அதற்குப் பிறகு இரண்டு நாள் வகுப்பு அமைதியாக நடந்தது. மூன்றாம் நாள் புரதம் வந்தது.

“உட்கருவில் உள்ள டி.என்.ஏ. புரதங்களின் அமைப்பைத் தீர்மானிக்கிறது. ரைபோசோம்கள் புரதங்களை உற்பத்தி செய்கின்றன. சொல்லுங்க.”

சொன்னார்கள். அக்கா மட்டும் சொல்லவில்லை.

“சார், டிசைன் உட்கருவுக்குள்ள இருக்குதுங்க. தறி வெளிய இருக்குதுங்க. உள்ள இருக்கற டிசைன் வெளிய இருக்கற தறிக்கு எப்படீங்க வருது?”

“வருதுங்கம்மணி.”

“அதான் எப்படீங்க?”

சார் சாக்பீஸைக் கீழே வைத்தார். “டி.என்.ஏ.யே எந்திரிச்சுப் போகுமா இருக்கும்.”

“போகாதுங்க!”

அந்தச் சத்தத்தில் கீழே உரக்கடைக்காரர் அண்ணாந்து பார்த்திருப்பார். அக்காவுக்கே கொஞ்சம் கூச்சமாகிவிட்டது. ஆனால் உட்காரவில்லை.

அவர் அப்படிக் கத்தியதற்குக் காரணம் ஓர் அன்னப்பட்சி. மூன்று வருஷத்துக்கு முன்னால் கொச்சி வியாபாரி ஒருவர் ஆசையாகக் கேட்டு வாங்கிய டிசைன் அது. கலர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, அவசரத்தில் ஆறுச்சாமி முதலாளி அசல் கிராஃப் தாளையே தறி ஓட்டுகிறவரிடம் கொடுத்துவிட்டார். அவர் அதைத் தறிக்கட்டையில் வைத்தார். டீ வந்தது, கூடவே வடையும் வந்தது. எண்ணெய் பட்ட இடத்தில் அன்னத்துக்குக் கழுத்துப் போயிற்று. கட்டமெல்லாம் ஒன்றாகக் கரைந்துவிட்டது. அட்டைகள் கொஞ்ச நாள் ஓடின. பிறகு ஓரம் கிழிய ஆரம்பித்தன. கிழிந்த அட்டைக்குப் பதில் புதிது குத்தலாம் என்றால் பார்த்துக் குத்த அசல் இல்லை. அன்னப்பட்சி அத்தோடு செத்தது. வியாபாரி கரூருக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து குடோனில் ஒரே சட்டம். அசல் தாள்கள் முதலாளியின் இரும்பு பீரோவுக்குள். சாவி அவர் இடுப்பில். பீரோ இருக்கும் அறைக்குள் அக்கா போய் உட்கார்ந்து, அசலைப் பார்த்து, அன்றைக்கு எந்த டிசைன் ஓடவேண்டுமோ அதற்கு மட்டும் அட்டை குத்துவார். அட்டை தறிக்குப் போகும். அசல் பீரோவை விட்டு வெளியே வராது. அட்டை கிழிந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு குத்திக்கொள்ளலாம். ஓர் ஓட்டை தப்பாகிப்போனால் அந்த அட்டையில் ஓடுகிற அத்தனை மயிலுக்கும் மூக்கு இருக்காது, வாஸ்தவம்தான். ஆனால் பீரோவுக்குள் இருக்கிற மயிலுக்கு மூக்கு பத்திரமாக இருக்கும்.

இதையெல்லாம் வகுப்பில் சொல்லிவிட்டு அக்கா முடித்தார்: “ஒரு தறிக்குடோனுக்கே இந்தப் புத்தி வந்துபோச்சுங்க சார். கோடி வருசமா ஓடற உடம்புக்கு இருக்காதுங்களா? நடுவுல ஒரு அட்டை இருக்கோணுமுங்க. கைடுல உட்டுப்போட்டாங்க.”

வகுப்பு வெடித்துச் சிரித்தது. எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தவன் முஜீப். டெஸ்க்கைத் தட்டித் தட்டிச் சிரித்தான்.

“கைடு போட்டவரு எம்.எஸ்சி.ங்க” என்றார் சார். “நீங்க ஒன்பதாவது.”

சிரிப்பு நின்றுவிட்டது.

“ஒன்பதாவதுதானுங்க. அதனாலதான் கேக்கறேன். எம்.எஸ்சி.யா இருந்திருந்தா நானுங் கேட்டிருக்க மாட்டனுங்க.” புத்தகத்தை மூடினார். “இந்த பதில நான் மனப்பாடம் பண்ண மாட்டேன் சார். சொல்லிப்போட்டேன்.”

“அஞ்சு மார்க் கேள்விங்கம்மணி. நீங்க ரெண்டு மார்க்குல பெயிலானவங்க. இந்தத் தடவையும் போச்சுன்னா வயசு தாண்டிப்போகும்.”

“தெரியுமுங்க.”

அந்த வாரம் சனிக்கிழமை முஜீப் ஈரோடு போனான். அவனுடைய பெரியம்மா மகள் ரிஃபானா அங்கே பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய விலங்கியல் புத்தகம் அவன் சட்டைக்குள் நுழைந்து பஸ் ஏறியது. திங்கட்கிழமை மத்தியானம் அக்கா சாப்பாட்டுப் பையைத் திறந்தபோது, தூக்குப்போசிக்குப் பக்கத்தில் அது செருகியிருந்தது. ஒரு பக்கத்தில் பஸ் டிக்கெட் அடையாளமாக இருந்தது.

அக்கா சோற்றில் கை வைக்காமல் அந்தப் பக்கத்தை நாலு தடவை படித்தார். டி.என்.ஏ. உட்கருவுக்குள்ளேயே இருக்கிறது. அதைப் பார்த்து ஒரு நகல் எடுக்கப்படுகிறது. அதற்குத் தூது ஆர்.என்.ஏ. என்று பெயர். நகல் உட்கருவின் துளை வழியாக வெளியே வந்து ரைபோசோமில் மாட்டிக்கொள்கிறது. ரைபோசோம் அதைப் படித்துக்கொண்டே போக, அமினோ அமிலங்கள் ஒவ்வொன்றாக வந்து வரிசையாகக் கோத்துக்கொள்கின்றன. இருபது வகை அமினோ அமிலம்தான். அதை வைத்துத்தான் உடம்பில் இருக்கிற அத்தனை புரதமும். இருபது சாய நூலை வைத்துக்கொண்டு இத்தனை பெட்ஷீட்டா என்று அக்காவுக்கு மலைப்பாக இருந்தது. இதற்கெல்லாம் செலவாகிற ஆற்றலும் தார்க்குச்சி கணக்காகவே வந்துபோகிறது என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது. தார்க்குச்சி என்று போடவில்லை. அக்கா அப்படித்தான் படித்தார்.

அட்டை இருந்தது. இருக்கிறது. அவர் சொன்ன இடத்தில், சொன்ன வேலையைச் செய்துகொண்டு.

சாயங்காலம் புத்தகத்தைச் சார் மேசையில் விரித்து வைத்தார். சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார்.

“இது பிளஸ் டூங்கம்மணி. பத்தாவதுக்குத் தேவையில்லீங்க.”

“தேவையில்லீன்னா இல்லாமப் போயிருமுங்களா?”

சார் நல்ல மனுஷர்தான். மற்றவர்களைக் கீழே அனுப்பிவிட்டு மெதுவாகப் பேசினார். முஜீப் செருப்புத் தேடுகிற சாக்கில் வாசலில் நின்றான்.

“நீங்க சொன்னது சரிதானுங்க. நான் பி.காம்., எனக்கு இதெல்லாம் தெரியாது. ஆனா திருத்தறவரு என்னைய மாதிரி ஆளா இருந்துபோட்டா? தறி, அட்டைன்னு பாத்தாருன்னா ஒரே கோடா இழுத்துப்போடுவாரு. கைடுல இருக்கறத எழுதித் தேறிப்போடுங்க. வேலைல சேந்ததுக்கப்பறம் உங்க அட்டைய ஊரு பூரா சொல்லுங்க, யாரு வேண்டாங்கறா?”

நியாயமான பேச்சு. அக்காவே ஒரு கணம் தயங்கினார். அவருக்குத் தெரியும்: பரீட்சை போனால் வேலை மட்டும் போகாது, அந்த ஆபீசர் சிரித்த சிரிப்பும் செல்லுபடியாகிவிடும். அப்புறம் சொன்னார்.

“அந்த முப்பத்து மூணு மார்க்கு கைடுல இருந்தத எழுதித்தானுங்க சார் வாங்கினேன்.”

சார் விலங்கியல் புத்தகத்தை மூடி அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

1996 ஏப்ரலில் ஈரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் பரீட்சை. வெயில் கூரை ஓட்டைப் பிளந்துகொண்டு இறங்கியது. அக்கா கேள்வித்தாளை மெதுவாகப் படித்துக்கொண்டு வந்தார். கடைசிப் பக்கத்தில் இரண்டு கேள்வி, ஏதாவது ஒன்றுக்கு விடை: இலையின் குறுக்குவெட்டுத் தோற்றத்தைப் படம் வரைந்து பாகங்களைக் குறி, அல்லது, செல்லில் புரதங்கள் உருவாவதை விவரி.

இலை அக்காவுக்குத் தூக்கத்தில்கூட வரும். சார் நாற்பது தடவை வரையவைத்திருந்தார். படத்துக்கு மூன்று, பாகத்துக்கு இரண்டு. எவர் திருத்தினாலும் குறைக்க முடியாத ஐந்து மார்க். அக்கா பென்சிலை எடுத்தார். இலையின் மேல்தோலுக்கு ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் ரப்பரால் அழித்தார்.

‘டி.என்.ஏ. உட்கருவை விட்டு வெளியே வராது’ என்று ஆரம்பித்தார். ஏன் வராது என்று எழுதினார். நகல் எப்படி வருகிறது, நகல் கிழிந்தால் என்ன, அசல் கெட்டால் என்ன, ஓர் ஓட்டை தப்பானால் எத்தனை மயிலுக்கு மூக்குப் போகும், எல்லாம் எழுதினார். தூது ஆர்.என்.ஏ., ரைபோசோம், அமினோ அமிலம் என்று புத்தகப் பெயர்களையும் விடவில்லை. பக்கத்திலேயே அட்டை, தறி, நூல் என்றும் எழுதினார். காலியான குச்சி எங்கே போகிறது என்பதற்கு ஒரு பத்தி. இடம் போதாமல் எழுந்து நின்று பேப்பர் கேட்டார். மூன்று வரிசை பின்னால், இலைக்கு நடுநரம்பு போட்டுக்கொண்டிருந்த முஜீபின் பென்சில் பாதி நரம்பிலேயே நின்றது. இலைக்கு யாரும் கூடுதல் பேப்பர் கேட்க மாட்டார்கள்.

வெளியே சார் குடையோடு காத்திருந்தார். “கடைசிக் கேள்விக்கு எதுங்க எழுதினீங்க?”

“ரெண்டாவதுங்க.”

“அய்யோ! இலை வந்திருக்குதல்லங்க! இலை!”

“இலைய ஊருல எல்லாரும் எழுதியிருப்பாங்க சார். இது எனக்குத் தெரிஞ்சது. நான்தான எழுதோணும்?”

சார் குடையை மடக்கிவிட்டு வெயிலிலேயே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

அதற்குப் பிறகு ஐம்பது நாள். அக்கா பரீட்சையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அட்டை குத்தினார். அந்த ஐம்பது நாளில் இரண்டு அட்டையில் ஓட்டை தப்பிப்போயிற்று என்று ஆறுச்சாமி முதலாளி பிற்பாடு சொன்னார். பன்னிரண்டு வருஷத்தில் அதற்கு முன் தப்பியதில்லையாம்.

ரிசல்ட் வந்த அன்று சாயங்காலப் பேப்பர் மத்தியானம் இரண்டு மணிக்கே பஸ்ஸில் வந்து இறங்கியது. தேறியவர்கள் நம்பர் மட்டும் எறும்பு மாதிரி பக்கம் பக்கமாக ஊர்ந்துகொண்டிருந்தது. அக்கா பஸ் ஸ்டாண்டுக்குப் போகவில்லை. பீரோ அறையில் உட்கார்ந்து ஒரு ரோஜாவுக்கு அட்டை குத்திக்கொண்டிருந்தார்.

முஜீப் சைக்கிளைச் சுவரில் சாத்தக்கூட இல்லாமல் அப்படியே கீழே போட்டுவிட்டு உள்ளே வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“சும்மா இந்தப் பக்கம் வந்தனுங்க்கா” என்று தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினான். “மாமா பொட்டலம் கட்டப் பேப்பர் வாங்கியாரச் சொன்னாரு. வழியில புரட்டினனா, உங்க நம்பராட்ட ஒண்ணு தெரிஞ்சுது. நாலு ஒண்ணு ஏழு, ரெண்டு எட்டு மூணு.”

அக்கா கை நிற்கவில்லை. அந்த வரியைக் கடைசி ஓட்டை வரை குத்தி முடித்தார். அட்டையை அடுக்கில் வைத்தார். பேப்பரை வாங்கி, விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார். விரல் நின்றது. வெகுநேரம் நின்றது. அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, கண்ணாடியைத்தான் துடைத்தார்.

“அந்த ஆபீசரு இன்னும் ரிட்டயர் ஆகலியல்ல?”

“இல்லீங்க்கா. நேத்துக்கூட டீக்கடைல பாத்தேன்.”

“நாளைக்குக் காலைலயே போறேன்.” பேப்பரை மடிக்கப் போனவர் நிறுத்தினார். “உன்ற நம்பரு?”

“இருக்குதுங்க்கா.”

“எங்க, காட்டு.”

முஜீப் ஒரு நம்பரில் விரலை வைத்தான். அக்கா குனிந்து பார்த்தார். “இது திண்டுக்கல்லு. அப்படித் தலைப்புப் போட்டிருக்குது. உன்ற நம்பரு என்ன, வாயில சொல்லு.”

முஜீப் வாயைத் திறந்தான். நாலு என்றான். ஒண்ணு என்றான். அதற்கு மேல் வரவில்லை.

“பஸ் ஸ்டாண்டுல இருந்து இத்தன தூரம் பேப்பரு உன்ற கையிலதான இருந்துச்சு?”

“ஆமாங்க்கா.”

“உன்ற நம்பர நீ தேடவே இல்ல. என்ற நம்பரு மட்டும் ஆறு எண்ணும் மனப்பாடமா?”

முஜீப் தறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காதவன் மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

“காது கேக்காதவன் எதுக்குடா கண்ணு, கண்ணத் தொடைக்கற?” என்றார் அக்கா.